இரண்டே பேர் கொண்ட இண்டி பாப் குழு நீண்ட நாள் ஓடுமா? அதுவும் டெல்டாவில் இருந்துகொண்டு?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். இண்டி பாப், அதாவது சினிமாவைச் சாராமல் சொந்தமாகப் பாட்டுப் போடும் இரட்டையர்களில் பல வருஷம் நிலைத்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பது ஒன்று. கும்பகோணத்தில் இருந்தபடியே நண்பரோடு சேர்ந்து அப்படி ஒரு குழு ஆரம்பித்தால் சரிவருமா என்பது இன்னொன்று.

சரிவரும். மயிலாடுதுறைப் பக்கம் அப்படி ஒரு குழுவில் நான் பாதி. மீதிப் பாதி என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். மெட்டு, கீபோர்டு, கிட்டார், கணினி வேலை எல்லாம் என் பொறுப்பு. பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவன். குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் பதில் விளம்பரமாகிவிடும். நாங்கள் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. ஆனால் இன்னும் சேர்ந்துதான் பாட்டுப் போடுகிறோம், இன்னும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இந்தத் தொழிலில் அது சாதாரணமில்லை.

இரட்டையர் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களுக்குள் இருந்த ஒற்றுமையைத்தான் பெரிதாக எழுதுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நிலைத்தவர்களைப் பார்த்தால், எப்போது ஒதுங்கி நிற்பது, ஒதுங்கி நிற்கும்போது சோற்றுக்கு என்ன செய்வது என்று தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

எவ்ரிதிங் பட் த கேர்ள் என்ற பிரிட்டன் இரட்டையர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரேசி தோர்ன், பென் வாட் இருவரும் 1962-ல் பிறந்தவர்கள். 1981-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன இடத்தில் சந்தித்தார்கள். அதற்கு முன்பே இருவரும் செர்ரி ரெட் என்ற சிறிய இசை நிறுவனத்தில் தனித்தனியாக ஒப்பந்தமானவர்கள். தோர்ன் ஏற்கெனவே மெரீன் கேர்ள்ஸ் என்ற பெண்கள் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். குழுப் பெயரை ஹல் நகரத்து மரச்சாமான் கடை ஒன்றின் விளம்பர வாசகத்தில் இருந்து உருவினார்கள். நம்மூர் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் அச்சடித்த வரியை எடுத்துக் குழுவுக்குப் பெயர் வைக்கிற மாதிரி.

1982-ல் சேர்ந்து ஒரு பழைய ஜாஸ் பாட்டை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதைத்தான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆளுக்கொரு தனி ஆல்பம் போட்டார்கள். குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1984-ல். அதாவது ஒருவரை நம்பி மற்றவர் இல்லை என்பதை ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். குழு ஆரம்பித்த மறுமாதம் ஒருவன் வேறு ஆளுக்குக் கீபோர்டு வாசித்தால் இன்னொருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

அப்புறம் அவர்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1986-ல் முழு ஆர்க்கெஸ்ட்ரா வைத்து ஓர் ஆல்பம். 1988-ல் வேறொருவர் பாட்டைத் திரும்பப் பாடி பிரிட்டன் தரவரிசையில் மூன்றாம் இடம். 1990-ல் லாஸ் ஏஞ்சலஸ் போய் டாமி லிப்யூமா தயாரிப்பில், ஸ்டான் கெட்ஸ் சாக்ஸபோன் வாசிக்க, அமெரிக்க ஜாஸ் வாசனையோடு இன்னொரு ஆல்பம். ஐந்து பேர் குழுவாக இருந்தால் இத்தனை திருப்பத்துக்கும் ஐந்து பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். டிரம்மர் கோபித்துக்கொண்டு போயிருப்பார்.

1992-ல் பென் வாட் செத்துப் பிழைத்தார். சர்க்-ஸ்ட்ராஸ் என்ற அரிய நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் ரத்தக் குழாய்களையே தாக்குவது. சிறுகுடலின் பெரும்பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. எழுந்து வந்து 1994-ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தில்தான் ‘மிஸ்ஸிங்’ என்ற பாட்டு இருந்தது. முதலில் வந்தபோது அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. பிரிட்டனில் அவர்களை வைத்திருந்த நிறுவனம் கையைக் கழுவிவிட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த டாட் டெர்ரி அதை நடன அரங்குக்கு ஏற்ற தாளத்தில் ரீமிக்ஸ் செய்ய, அது கிளப் கிளப்பாகப் பரவி, 1995 கடைசியில் பிரிட்டனில் மூன்றாம் இடம், 1996-ல் அமெரிக்காவில் இரண்டாம் இடம். பாட்டு வெளியான அன்றே கணக்குப் பார்த்துத் தலையில் கை வைக்கிறவர்கள் இந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் தோர்ன், மாசிவ் அட்டாக் குழுவுக்காக இரண்டு பாட்டு எழுதிப் பாடியிருந்தார். வெளியே போய்க் கற்றுக்கொண்டு வந்த அந்த மின்னணு இசை வாசனை 1996-ல் அவர்களுடைய சொந்த ஆல்பத்தில் தெரிந்தது. அது பிரிட்டனில் நான்காம் இடம். 1999-ல் ஒன்று. 2000-ல் நிறுத்திக்கொண்டார்கள். சண்டை போட்டு அல்ல. இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருந்தார்கள், பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றும் வாழ்க்கை போதும் என்று தோன்றியிருக்கிறது. தோர்ன் பிறகு தனி ஆல்பங்களும் புத்தகங்களும் எழுதினார். வாட் டிஜே வேலை பார்த்தார், சொந்த இசை நிறுவனம் நடத்தினார்.

திரும்ப வந்தது 2023-ல். 24 வருஷம் கழித்து வந்த அந்த ஆல்பம் பிரிட்டனில் மூன்றாம் இடம் பிடித்தது, ஆல்பங்களில் அவர்கள் தொட்ட உச்சம். அதைப் பதிவு செய்தபோது கோப்புகளில் குழுப் பெயரையே போடவில்லையாம். ட்ரேசியின் முன்பாதியையும் பென்னின் பின்பாதியையும் சேர்த்து ‘ட்ரென்’ என்று போட்டுக்கொண்டார்கள். பழைய பெயரைப் போட்டால் பழைய எதிர்பார்ப்பும் கூடவே வந்து உட்காரும் என்பதால்தான். இந்தத் தந்திரத்தை நாங்களும் பயன்படுத்துகிறோம். எங்கள் அரைகுறைப் பாட்டுகள் எல்லாம் ‘கருவேப்பிலை 1’, ‘கருவேப்பிலை 2’ என்றுதான் கணினியில் கிடக்கும்.

நார்வேயின் கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ் இன்னும் எளிமை. இரண்டு பேர், இரண்டு கிட்டார். 2009-க்கும் 2021-க்கும் நடுவில் ஆல்பமே இல்லை. அமெரிக்காவின் த போஸ்டல் சர்வீஸ் வேறு மாதிரி. ஒருவர் லாஸ் ஏஞ்சலஸ், மற்றவர் சியாட்டில், டேப்பைத் தபாலில் மாற்றி மாற்றி அனுப்பி 2003-ல் ஓர் ஆல்பம் போட்டார்கள், அதோடு சரி. அந்த ஒன்றை வைத்தே பத்து வருஷம் கழித்தும், இருபது வருஷம் கழித்தும் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். உங்கள் நண்பர் வேலைக்காகச் சென்னை போய்விடுவார் என்று பயப்பட்டால் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது தபால் கூட வேண்டாம்.

சரி, நம்மூருக்கு வருவோம்.

டெல்டாவில் இரண்டு பேர் என்பது முதலில் ஒரு செலவுக் கணக்கு. சென்னையில் ஏதாவது காபிக் கடையிலோ சின்ன அரங்கிலோ வாசிக்கக் கூப்பிட்டால், உழவன் எக்ஸ்பிரஸில் இரண்டு படுக்கை போதும். மேல் படுக்கையில் கீபோர்டைப் படுக்க வைத்துவிட்டு நான் அதன் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்துவிடுவேன். ஐந்து பேர் என்றால் வேன் வேண்டும், வேனுக்கு டீசல், டிரைவருக்குப் படி, எல்லாருக்கும் இரவுச் சாப்பாடு. அப்படிப் போனால் கையில் இருந்து போட்டுத்தான் திரும்ப வர வேண்டும்.

அடுத்தது சோறு. சொந்தப் பாட்டில் இருந்து எங்களுக்குச் சோறு வரவில்லை. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேட்டிகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. என் வீட்டு மாடி அறைதான் ஸ்டுடியோ. அங்கே நடப்பது ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் ஓட்டும் அறிவிப்பு, கும்பாபிஷேகத்துக்கு அந்தந்த ஊர் அம்மன் பேரில் பக்திப் பாட்டு, கல்யாண அழைப்பு வீடியோவுக்குப் பின்னணி. தேர்தல் வந்தால் வேட்பாளர் புகழ். (எல்லாக் கட்சிக்கும் ஒரே மெட்டைப் போட்டால் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள், தாளத்தையாவது மாற்ற வேண்டும்.) வைகாசி, ஆவணி, தை, பங்குனியில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கப் போவேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த இரண்டு மாதமும்தான் எங்கள் குழுவுக்கு உயிர் வரும் காலம்.

மாப்பிள்ளைக்கு வேறு காலண்டர். அவன் நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். சம்பா அறுவடை வந்துவிட்டால் தையில் இருந்து பங்குனி வரை ஆள் கிடைக்க மாட்டான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று ஒரு பக்கம் பேச்சு, சாக்கு வரவில்லை என்று இன்னொரு பக்கம் பேச்சு, ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்தால் மூக்கெல்லாம் நெல் தூசி. பாடச் சொன்னால் தொண்டை ஒத்துழைக்காது. குறுவை அறுவடையிலும் இதே கதைதான். ஆரம்பத்தில் இந்த மாதங்களை நஷ்டம் என்று நினைத்தோம். இப்போது அப்படி நினைப்பதில்லை. அவன் அங்கே உட்கார்ந்து கேட்கிற பேச்சில் இருந்துதான் எங்கள் நல்ல வரிகள் வருகின்றன. ஒரு முழுச் சரணம் 40 கிலோ மூட்டைக் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் வந்தது. அதை அவன் போனில் படம் எடுத்து அனுப்பியபோது, முன்பக்கத்து எண்கள் தாளில் ஊறிப் பின்பக்கத்து எழுத்துக்கு நடுவில் தெரிந்தன. நான் முதலில் அவற்றையும் சேர்த்துப் பாடிப் பார்த்தேன்.

இரட்டையருக்கு உள்ள பெரிய சிக்கல், ஓட்டு சமமாகிவிட்டால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் கிடையாது. எங்களுக்குள் அதிகம் சண்டை வருவது டிரம்முக்குத்தான்.

“மச்சான், இந்த டிரம் வேணாம். கல்யாண ஆர்கெஸ்ட்ரா மாதிரி இருக்கு.”

“மாப்ள, அந்த டிரம்லதான் நமக்குச் சோறே வருது.”

இப்படி ஒரு மணி நேரம் போகும். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு: ஒருவருக்குப் பிடிக்காத பாட்டு வெளியே போகாது, ஆனால் அதை அழிக்கவும் கூடாது. ஹார்டு டிஸ்க்கில் கிடக்கட்டும். ஒரு பருவம் போய்த் திரும்பக் கேட்டால் பாதிப் பாட்டுக்கு யாராவது ஒருவர் மனம் மாறியிருப்போம். மாறாத பாட்டு உண்மையிலேயே மோசமான பாட்டு.

இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதற்கு டெல்டாவை விட்டு வெளியே போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. கல்யாண மேளம் பேசும்போது ஒற்றை நாயனமா இரட்டை நாயனமா என்றுதான் முதலில் கேட்பார்கள். இரட்டை என்றால் நாயனம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதி. திருவீழிமிழலை சகோதரர்கள் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் கீர்த்தனையை ஒரே நாயனம் போல வாசிப்பதற்குப் பேர்போனவர்கள். செம்பனார்கோயில் சகோதரர்கள், நாயனத்துக்கே உரிய ரக்தி மேளம் என்ற வாசிப்பு முறைக்குப் பெயர் எடுத்தவர்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும், ஆலாபனையில் ஒருவர் ஊதும்போது மற்றவர் சீவாளியை (நாயனத்தில் உதடு வைத்து ஊதும் சிறு துண்டு) உதட்டில் ஈரமாக்கிக்கொண்டு சும்மாதான் நிற்பார். அந்தச் சும்மா நிற்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். எங்கள் பாட்டுகளில் நான் கற்றுக்கொண்டு போட்ட ஒரே மாற்றம் இது: அவன் பாடும்போது கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிடுவது. பாட்டின் தரம் உடனே ஏறியது.

ஒரு பாட்டில் நாயனம் வைத்தோம். வாசித்தவரிடம் இருந்தது இரண்டரைக் கட்டைச் சுருதியில் பேசும் நீளமான பாரி நாயனம். எங்கள் பாட்டு நாலு கட்டையில் இருந்தது. கணினியில் சுருதியை ஏற்றிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொன்னான். செய்து பார்த்தால் நாயனம் பொம்மைக் குழல் மாதிரிக் கேட்டது. பாட்டையே இரண்டரைக்கு இறக்கினோம். அப்படியும் அவர் சுருதி கீபோர்டோடு மயிரிழை விலகி நின்றதால், கீபோர்டை அவருக்குச் சரிசெய்தோம். மைக்கை அணைசுக்கு, அதாவது நாயனத்தின் விரிந்த வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம் உடைகிறது. மொட்டை மாடியில் அவரை நிற்க வைத்து, ஐந்தாறு அடி தள்ளி, நேருக்கு நேர் வைக்காமல் பக்கவாட்டில் வைத்த பிறகுதான் அந்த ஆச்சா மரத்தின் சத்தம் கிடைத்தது. நரசிங்கம்பேட்டையில் செய்த நாயனம், திருவாவடுதுறைச் சீவாளி. சென்னையில் இருந்தால் நாங்கள் இதற்கு ரெடிமேட் சாம்பிளைத்தான் தேடியிருப்போம். ஊரில் இருப்பதற்கு இப்படிச் சில வசதிகள் உண்டு.

வசதிக்கேடும் உண்டு. மார்கழியில் விடியற்காலை நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி. அறுவடைக் காலத்தில் ராத்திரி முழுக்க மெஷின். ஐப்பசி மழைக்குத் தவளை. கண்டென்சர் மைக் எதையும் விடாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, பழைய இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிமிர்த்தி வையுங்கள். குரலை மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் பதிவு செய்யுங்கள், அப்போது ஊரே தூங்கும்.

டெல்டாவில் இண்டி பாட்டுக்குக் காசு கொடுத்து உட்காரும் கூட்டம் இல்லை. கல்லூரி ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். நடுவில் நம்முடையதை ஒன்று சொருகலாம், எங்கே சொருகுகிறோம் என்பதில்தான் சாமர்த்தியம். குத்துப் பாட்டுக்கு அடுத்ததாக வைத்தால் தொலைந்தோம். ஊரில் இருந்துகொண்டே வெளியே போவது நடக்காத காரியமும் இல்லை. கொல்கத்தாவின் பரேக் அண்ட் சிங் ஊரை விட்டுப் போகாமலே பிரிட்டனின் பீஸ்ஃபிராக் நிறுவனம் வழியாக 2016-ல் உலகத்துக்கு அறிமுகமானார்கள். ஆனால் வண்ண வண்ண சூட்டும் நேர்த்தியான வீடியோவும் அதில் பெரும் பங்கு. எங்களிடம் இருப்பது வேட்டி.

ஸ்ட்ரீமிங் பற்றிச் சுருக்கமாக. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019-ல். 2024-ல் இருந்து ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்கு வருமானப் பங்கு கணக்காகும். யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. விநியோகத் தளத்தில் (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களுக்கு அனுப்பித் தரும் இணையச் சேவை) பாட்டை ஏற்றும்போது வெளியீட்டுத் தேதியைச் சில வாரம் தள்ளியே வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்க ஏழு நாளாவது முன்னதாகப் பாட்டு உள்ளே போயிருப்பது நல்லது.

பணத்தை மட்டும் வாய்ப் பேச்சாக விடாதீர்கள். நம் சட்டத்தில் பாட்டு வரிகள் ஒரு உரிமை, மெட்டு ஒரு உரிமை, பதிவு செய்த ஒலி மூன்றாவது உரிமை. பதிவின் உரிமை, அதை முன்னெடுத்துப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்கு. வீட்டு மாடியில் இரண்டு பேர் சேர்ந்து செய்தால் அது யார் என்பதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி போய்ச் சேர 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதை வசூலித்துத் தருவது ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி), 1969-ல் தொடங்கிய அமைப்பு. எழுதுகிறவர், மெட்டுப் போடுகிறவர் இருவருமே தனித்தனியாக உறுப்பினர் ஆகலாம். நாங்கள் எல்லாவற்றையும் பாதிப் பாதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒரு பாட்டில் நான் முக்கால்வாசி செய்திருப்பேன், இன்னொன்றில் அவன். பாட்டுக்குப் பாட்டு சதவீதம் பேச ஆரம்பித்தால் இசை போய் வட்டிக்கடை ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. குழுவுக்கென்று தனி மின்னஞ்சல் போடுங்கள், கடவுச்சொல் இருவரிடமும் இருக்கட்டும், விநியோகத் தளத்தில் எந்த வங்கிக் கணக்கைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும். எங்கள் கணக்கை ஆடியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை பார்ப்போம். நோட்டுப் புத்தகம் என் மனைவியிடம் இருக்கிறது. ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் புருஷன், அதனால் யாருக்கும் சலுகை கிடையாது. போன ஆடியில் இரண்டு பேருக்கும் சேர்த்து வந்த தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதில் மைக் ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள், மிச்சம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.